அம்மைப்பால் வந்த வழி

நம் சங்கத்தின் வெள்ளிவிழாவிற்கு வருகைதரும் பெரியவர்களின் மேற்கையை இளைஞர்கள் ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவராயின் தோளுக்குச் சற்றுக் கீழே காசளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். சிலருக்கு இரண்டு இருக்கும். அது அம்மை குத்திய தழும்பு. (காசநோய்த் தடுப்பூசியின் சிறு வடு வேறு, அது இளையோருக்கும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.) முன்னொரு காலத்தில் முகமெல்லாம் வைசூரி வடு நிறைந்தவர்களும், அந்நோயால் கண்ணிழந்தவர்களும் ஊரெங்கும் இருந்தனர். இன்றைய இளைஞர் கையில் அத்தழும்பும் இல்லை. முகத்தில் அவ்வடுவும் இல்லை. நோயே உலகில் இல்லை. மனிதரைப் பற்றும் நோய்களுள் மனித முயற்சியால் வேரோடு அழிக்கப்பட்டது இதுவரை பெரியம்மை ஒன்றுதான்.

இதற்கு வழிகண்டவர் யார் என்று வினவினால் பள்ளி மாணவரும் உடனே விடை கூறுவர்: இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு ஜென்னர், ஆண்டு 1796. விடை தவறன்று; ஆனால் பாதி விடை. பாடநூலில் இடம் குறைவாதலால் ஒரு மனிதர், ஓர் ஆண்டு என்று சுருக்கிவிடுகிறார்கள். ஜென்னர் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே அம்மையைத் தடுக்கும் வழியொன்றைப் பல நாட்டு மக்கள் அறிந்திருந்தனர். அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர், துருக்கி நாட்டிலிருந்த கிரேக்கக் கிழவியர், வங்காளத்தில் ஊர்ஊராகச் சென்று அம்மை குத்தியவர், பால் கறந்து பிழைத்த இங்கிலாந்துப் பெண்கள் ஆகியோர் அந்த அறிவுக்கு உரியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஏட்டைத் தொட்டறியாதவர். அவர்களுடைய அறிவு எவ்வழியே அறிவியலாயிற்று, அவ்வழியில் புதிதாகச் சேர்ந்தது எது, மறைக்கப்பட்டது எது என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்விக்கென்றே கால் நூற்றாண்டாக உழைத்துவரும் சங்கத்தின் மலரில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

பெரியம்மை கண்டவர்களில் நூற்றுக்கு முப்பதுபேர் வரை மாண்டனர். அரசர்க்கும் ஆண்டிக்கும் அதில் வேற்றுமை இல்லை. ஆயினும் அந்நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒருமுறை கண்டு பிழைத்தவரை அது மீண்டும் தீண்டுவதில்லை. நோயாளியின் அருகில் இருந்து பணி செய்ய அம்மை கண்டு மீண்டவரையே அமர்த்துவது எந்நாட்டிலும் வழக்கமாயிருந்தது. இதை அறிய ஏடு தேவையில்லை. கண்ணும் நினைவும் போதும். இதிலிருந்து துணிவுடைய எவரோ ஒருவர் அடுத்த படியை எண்ணியிருக்க வேண்டும். எப்படியும் வரப்போகும் நோயை நாமே, நல்ல காலம் பார்த்து, சிறிய அளவில் வரவழைத்துக்கொண்டால் என்ன? அந்த முதல் மனிதர் எந்த நாட்டவர் என்பது எவருக்கும் தெரியாது. சீனத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே அம்மைப் பொருக்கை உலர்த்திப் பொடியாக்கிக் குழல் வழியே மூக்கில் ஊதினர். வங்காளத்திலும், துருக்கியிலும், ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் தோலைக் கீறி அம்மைச் சீழைத் தடவினர்.

வங்காள முறையைப் பற்றி ஜே. இசட். ஹால்வெல் என்ற ஆங்கில மருத்துவர் 1767-இல் இலண்டன் மருத்துவர் கழகத்திற்கு எழுதிய விரிவான குறிப்பு கிடைத்துள்ளது. குத்துவோர் ஆண்டுதோறும் அம்மைப் பருவம் தொடங்குமுன் வீடுவீடாக வருவர். குத்திக்கொள்ள விரும்புவோர் ஒரு மாதம் முன்னரே மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்கியிருக்க வேண்டும். முன்கையில் சிறு கருவியால் மெல்லக் கீறி, அம்மைச் சீழில் தோய்த்து வைத்திருந்த பஞ்சை நீரில் நனைத்து அதன்மேல் வைப்பர். பின்னர் நாள்தோறும் குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றுவர். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் புதிய சீழை எடுப்பதில்லை. தானாக நோய் கண்டவரிடமிருந்தும் எடுப்பதில்லை. சென்ற ஆண்டு குத்திக்கொண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்து ஓராண்டு வைத்திருந்ததையே பயன்படுத்துவர். நாட்பட்ட சீழில் நோயின் வீறு தணிந்திருக்கும் என்பதை அவர்கள் தம் பட்டறிவாலேயே கண்டுகொண்டனர். நுண்ணுயிர் என்ற சொல்லோ, உருப்பெருக்கியோ அவர்களிடம் இருந்ததில்லை.

இவர்கள் எல்லோரும் பிராமணர் என்று ஹால்வெல் எழுதிவைத்தார். ஆனால் பின்னர் வந்த பதிவுகளின்படி, டீக்காதார் எனப்பட்ட இக்குத்துவோருள் மாலை கட்டுவோரும் நாவிதரும் பிற கைத்தொழிற் சாதியினரும் இருந்தனர். எழுதுகிறவர் யாரிடம் கேட்டு எழுதுகிறாரோ அவருடைய பெயரே ஏட்டில் ஏறும். வரலாறு படிக்கும் நம் மாணவர் இதனை நினைவில் கொள்வது நல்லது.

அம்முறையில் குறையும் இருந்தது. குத்திக்கொண்டவருக்கு வருவது மெய்யான பெரியம்மையே. பெரும்பாலோர்க்கு அது எளிதாகத் தணிந்துவிடும். நூற்றில் ஓரிருவர் இறப்பதும் உண்டு. அதனினும் பெரிய இடர், அவரிடமிருந்து நோய் பிறருக்கு முழு வீறுடன் தொற்றக்கூடும் என்பது. தன் வீட்டைக் காக்க நினைத்தவர் அண்டை வீட்டிற்கு நோயைக் கொடுத்துவிடலாம். பழைய அறிவைப் போற்றும்போது இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

துருக்கியின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த மருத்துவர் இருவர் அங்குள்ள அம்மை குத்தும் வழக்கைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1714-லும் 1716-லும் இலண்டன் அரசுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. கற்றோர் படித்தனர்; வியந்தனர்; ஏட்டை மூடி வைத்தனர். செயலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண். ஆங்கிலத் தூதரின் மனைவியான மேரி வொர்ட்லி மாண்டேகு தாமே அம்மையால் அழகிழந்தவர். தம்பியை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். இலையுதிர் காலத்தில் கிழவியர் கொட்டையோட்டில் அம்மைச் சீழை எடுத்துவந்து ஊசியால் கீறிப் பிள்ளைகளுக்குக் குத்துவதை 1717-இல் கடிதமொன்றில் விவரித்தார். அடுத்த ஆண்டு கிரேக்கக் கிழவி ஒருத்தியைக் கொண்டே தம் மகனுக்குக் குத்துவித்தார். 1721-இல் இலண்டனில் தம் மகளுக்கும் குத்தச் செய்தார். அவருடைய பெயரை வரலாறு அறியும். அந்தக் கிழவியின் பெயர் எங்கும் இல்லை.

அதே 1721-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

பாஸ்டனின் புகழ்பெற்ற பாதிரியார் காட்டன் மேதர். அவருடைய திருச்சபையினர் 1706-இல் அவருக்கு ஓர் அன்பளிப்பு வழங்கினர். அந்த அன்பளிப்பு ஒரு மனிதர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமை. மேதர் அவருக்கு ஒனீசிமஸ் என்று பெயரிட்டார். விவிலியத்தில் பவுல் அடிகள் குறிப்பிடும் ஒநேசிமு என்னும் அடிமையின் பெயர் அது. பயன்படுபவன் என்பது அதன் பொருள். தாயும் தந்தையும் அவருக்கு இட்ட பெயர் எது என்று எவரும் கேட்டெழுதவில்லை. உனக்கு அம்மை கண்டதுண்டா என்று மேதர் ஒருநாள் வினவினார். ஆம் என்றும் இல்லையென்றும் விடை வந்தது. தம் நாட்டில் அம்மைச் சீழைத் தோலில் கீறி வைப்பார்கள் என்றும், அதனால் சிறிதளவு நோய் கண்டு பின் வாழ்நாள் முழுவதும் அது அணுகாது என்றும் கூறி, ஒனீசிமஸ் தம் கையிலிருந்த தழும்பைக் காட்டினார்.

மேதர் கேட்டதோடு நிற்கவில்லை. நகரிலிருந்த பிற ஆப்பிரிக்கரையும் தனித்தனியே உசாவினார். எல்லாரும் அவ்வாறே கூறினர். பின்னர்த் துருக்கியிலிருந்து வந்த செய்தியை இலண்டன் இதழில் படித்தபோது, தம் வீட்டு அடிமை சொன்னதும் அதுவும் ஒன்றே என்று கண்டு 1716-இல் அரசுக் கழகத்திற்கு எழுதினார். ஒருவர் வாய்மொழியை மற்றொருவர் வாய்மொழியோடும், அதனை நெடுந்தொலைவு நாட்டின் செய்தியோடும் ஒப்பிட்டுப் பார்த்த இச்செயலே அறிவியலின் முதற்படி எனலாம். மேதர் ஒரு மகான் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி 1692-இல் பலரைத் தூக்கிலிட்ட சேலம் நகர் வழக்குகளுக்குத் துணைநின்று எழுதியவர். ஆனாலும் இந்த ஒன்றில் அடிமையின் சொல்லைச் சான்றாக ஏற்றார்.

1721-இல் கப்பல் வழியாகப் பாஸ்டனில் அம்மை புகுந்தது. குத்திப் பார்க்குமாறு மேதர் மருத்துவர்களை வேண்டினார். சப்டியல் பாயில்ஸ்டன் ஒருவரே முன்வந்தார். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். தொழிலோடு தொழிலாய்ப் பயின்றவர். சூன் 26-ஆம் நாள் தம் ஆறு வயது மகனுக்கும், தம் அடிமை ஒருவருக்கும், அவ்வடிமையின் சிறு மகனுக்கும் குத்தினார். மூவரும் பிழைத்தனர். நகரம் கொதித்தெழுந்தது. மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே மருத்துவரான வில்லியம் டக்ளஸ் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். ஆப்பிரிக்க அடிமைகள் பொய்யர்கள், அவர்கள் பேச்சை நம்பி வெள்ளையர் உடலில் நஞ்சேற்றுவதா என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. நவம்பரில் மேதரின் வீட்டிற்குள் வெடிகுண்டு வீசப்பட்டது. நல்லவேளையாக அது வெடிக்கவில்லை.

நோய் தணிந்தபின் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த நகரில் 6,000 பேர் வரை அம்மை கண்டனர். 844 பேர் மாண்டனர். அதாவது ஏழு பேரில் ஒருவர். பாயில்ஸ்டன் குத்தியவர்கள் 240-க்கு மேற்பட்டோர், இறந்தவர் 6 பேர், நாற்பதில் ஒருவர். பாயில்ஸ்டன் பின்னர் இலண்டன் சென்று, 1726-இல் இக்கணக்கை நூலாக வெளியிட்டு, அரசுக் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார். ஒனீசிமஸ் அதற்கு முன்னரே தமக்குப் பதிலாக வேறோர் அடிமையை வாங்குவதற்குப் பணம் கொடுத்து, முழுமையற்ற ஒரு விடுதலையைப் பெற்றிருந்தார். அதன்பின் அவர் வாழ்க்கை ஏடுகளில் மங்கிவிடுகிறது.

இவ்வாறு எண்ணிப் பார்ப்பதை இலண்டனில் ஒரு முறையாகவே வளர்த்தவர் அரசுக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின். 1723 முதல் சில ஆண்டுகள் நாடெங்குமுள்ள மருத்துவர்களுக்கு எழுதி விவரம் திரட்டினார். எத்தனை பேருக்குக் குத்தினீர், எத்தனை பேர் பிழைத்தனர், தானாக நோய் கண்டவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்பவையே கேள்விகள். தானாக நோய் கண்டவரில் ஐந்தாறு பேருக்கு ஒருவரும், குத்திக்கொண்டவரில் ஐம்பது பேருக்கு ஒருவரும் இறந்ததாக அவர் கண்டார். வங்காளத்துக் குத்துவோரும் தம் அனுபவத்தில் இதை அறிந்தவர்களே. ஆனால் அவர்கள் அறிவு அவர்களோடும் அவர்கள் மக்களோடும் நின்றது. ஜூரினுடைய கணக்கை எவரும் எடுத்துப் பார்க்கலாம், பிழையென்று வாதிடலாம், மேலும் கூட்டலாம். மரபறிவு அறிவியலாக மாறிய இடம் இதுவே என்பது என் துணிபு. குத்துவதில் புதுமை ஏதும் நிகழவில்லை. எண்ணுவதிலும், எழுதி அனைவர் முன்னும் வைப்பதிலும், எதிர்ப்பவனையும் பேசவிடுவதிலும் புதுமை நிகழ்ந்தது.

இந்தச் சோதனைகள் யார் உடலில் நடந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. 1721 ஆகஸ்டில் இலண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனைக் கைதிகள் ஆறுபேருக்கு, பிழைத்தால் விடுதலை என்று சொல்லிக் குத்திப் பார்த்தனர். ஆறுபேரும் பிழைத்தனர். அதன் பின்னர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு. அதற்கும் பின்னரே அரச குடும்பத்துக் குழந்தைகளுக்கு.

எட்டு வயதில் அந்தப் பழைய குத்தைத் தாமே பெற்று வருந்தியவர் எட்வர்டு ஜென்னர். கிளாஸ்டர்ஷயர் வட்டாரத்தில் நாட்டு மருத்துவராயிருந்த அவர், பால் கறப்போர் பேச்சு ஒன்றைக் கேட்டிருந்தார். பசுவின் மடியில் வரும் அம்மை கறப்பவர் கையில் தொற்றினால் அவருக்குப் பெரியம்மை வாராது என்பர். இதுவும் ஜென்னர் கண்டதன்று. 1774-இலேயே டார்செட்டில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற உழவர், தம் பண்ணைப் பெண்கள் இருவர் அம்மை நோயாளிகளுக்குப் பணிசெய்தும் நோய் பற்றாதிருந்ததைக் கண்டு, பசு அம்மைச் சீழைக் காலுறை பின்னும் ஊசியால் தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் குத்தினார். மனித உடலில் மாட்டு நோயை ஏற்றியவன் என்று ஊரார் அவரை இகழ்ந்தனர். அவர் அதனை எழுதி வெளியிடவில்லை. எனவே செய்தி அவ்வூரோடு நின்றது.

1796 மே 14-ஆம் நாள் சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் ஜென்னர் குத்தினார். ஆறு வாரம் கழித்து அச்சிறுவனுக்கு மெய்யான அம்மைச் சீழைக் குத்திப் பார்த்தார். நோய் வரவில்லை. தோட்டக்காரர் மறுத்துப் பேசியிருக்கக்கூடுமா என்பது இன்று நம் மனத்தில் எழும் கேள்வி. ஜென்னர் அனுப்பிய கட்டுரையை அரசுக் கழகம் ஏற்கவில்லை. மேலும் சான்றுகள் திரட்டி, 23 நிகழ்வுகளோடு 1798-இல் தம் சொந்தச் செலவில் நூலாக்கினார். பசு அம்மை மனிதரைக் கொல்வதில்லை; மூச்சுவழி பிறருக்குப் பரவுவதுமில்லை. பழைய குத்தின் இரு பெருங்குறைகளும் இவ்வாறு நீங்கின. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான வாக்கா என்பதிலிருந்தே வாக்சின் என்ற பெயர் பிறந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. வங்காளத்திலும் குத்தும் அறிவு இருந்தது. மருத்துவ நூல் கற்ற பெருமக்களும் இருந்தனர். அங்கே ஏன் ஒரு ஜூரின் தோன்றவில்லை? இதற்கு விடை தேடியவர்களுள் வங்காள வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் முதன்மையானவர். 1902-இல் வெளிவந்த தம் இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியில், சாதிமுறை இறுகியபின் கைத்தொழில்கள் தாழ்ந்த சாதியாரிடம் தள்ளப்பட்டன. கற்றோர் அவற்றிலிருந்து விலகினர். பிணத்தைத் தொடலாகாது என்ற விதியால் உடற்கூற்றியல் அழிந்தது. ஏன், எவ்வாறு என்று கேட்கும் மனப்பான்மை மங்கியது என்று அவர் வாதிட்டார். சாதியால் இழிவுற்றவர் சொன்ன குறையன்று இது. மேல்சாதியிற் பிறந்த அறிஞர் ஒருவர் தம் துறையின் வரலாற்றை ஆராய்ந்து கண்ட முடிவு.

அம்முடிவுக்கு நல்ல சான்று புனே அருகே நிகழ்ந்த ஒரு மூக்கறுவை. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டியோட்டியாயிருந்த கவாஸ்ஜி என்பவர் 1792-இல் திப்பு சுல்தான் படையினரிடம் சிக்கி மூக்கறுபட்டார். செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இலைபோல் அறுத்துத் திருப்பிப் பொருத்தி அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் அருகிருந்து கண்ட அச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் படத்துடன் வந்தது. அதனைப் படித்த அறுவை மருத்துவர் கார்ப்யூ, இருபதாண்டுகள் ஆராய்ந்து 1814-இல் இலண்டனில் அம்முறையைச் செய்து காட்டி, 1816-இல் நூலெழுதினார். இன்றைய ஒட்டறுவை மருத்துவத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று அது. மூக்கமைக்கும் முறை சுசுருதரின் வடமொழி நூலில் உண்டு. நூலைக் கற்றவர் கத்தியைத் தொடவில்லை. கத்தியைப் பிடித்தவர்க்கு நூலைக் கற்க இடமில்லை. இரண்டும் ஒருவரிடத்தே சேர்வதற்கு அறிவு கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

ஐரோப்பாவும் பிறவியிலேயே சிறந்ததன்று. அங்கும் பல்கலைக்கழக ஆசிரியர் உயர்ந்த இருக்கையிலிருந்து நூலைப் படிக்க, கீழே நாவிதர் பிணத்தை அறுப்பதே வழக்கமாயிருந்தது. இருக்கையை விட்டிறங்கித் தாமே கத்தியெடுத்த வெசேலியஸ், கைத்தொழிலை இழிவென ஒதுக்கியதால் மருத்துவமே கெட்டது என்று 1543-இல் தம் நூலின் முன்னுரையில் வருந்தி எழுதினார். அங்கே அந்தச் சுவர் இடிந்தது. இங்கே அது பிறப்போடு கட்டப்பட்டிருந்தது.

அம்மைப்பால் இந்தியாவிற்கு வந்த கதையும் இதனையே காட்டுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. வெயிலில் பால் வீறிழந்துவிடும். ஆகவே ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாளளவில் அதன் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்திச் சங்கிலிபோல் கொண்டுசெல்ல வேண்டும். பாக்தாத், பாசுரா வழியாக வந்த பாலை 1802 சூன் 14 அன்று பம்பாயில் ஒரு பணியாளின் மூன்று வயது மகள் ஆனா டஸ்தால் பெற்றாள். இந்தியாவில் அம்மைப்பால் பற்றிக்கொண்ட முதற் குழந்தை அவளே. அச்சிறுமியின் கையிலிருந்து எடுத்த பாலே கைமாறிக் கைமாறிச் சென்னைக்கும் இலங்கைக்கும் சென்றது.

ஆனால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு என்னும்போது, எவருடைய கை என்ற வினா நம் நாட்டில் எழாதிருக்குமா? தம் குழந்தையைப் பால் எடுக்க விடுவதற்குப் பெற்றோர் தயங்கினர். ஊர் ஊராய்த் தூக்கிச் செல்லப்படுவதும், கொப்புளத்தைக் கீறுவதும் பிள்ளைக்குத் துன்பம். அதனால் சிறுதொகை கொடுத்து ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளையே பெரும்பாலும் அழைத்துச் சென்றனர். அப்பிள்ளைகளின் உடலே அன்று அம்மைப்பாலைக் காத்த கலம். அவர்கள் கையிலிருந்து எடுத்த பாலைத் தம் பிள்ளையின் குருதியில் கலப்பதா என்று மேல்சாதியார் பலர் மறுத்தனர். உயிரைக் காக்கும் மருந்து வாசலில் வந்து நிற்கையிலும் தீட்டு நினைவுக்கு வந்தது. மனிதர் கையிலிருந்து எடுக்கும் பாலில் வேறு நோய்களும் தொற்றக்கூடும் என்பது மெய்யே. கன்றுக்குட்டியின் தோலில் பாலை வளர்க்கும் முறை பரவியதற்கு அதுவே தலையாய காரணம். ஆனாலும் சாதியார் மறுப்புக்கும் அது வாய்ப்பான மாற்றாயிற்று. சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ. ஜி. கிங் கன்றின் பாலைக் கம்பளிக் கொழுப்போடு குழைத்துக் கெடாமல் வைக்கும் முறையைக் கையாண்டார். அம்மைப்பால் செய்வதற்கென 1899-இல் நிறுவப்பட்டு, 1905-இல் கட்டடம் திறக்கப்பட்ட கிண்டி கிங் நிலையம் அவர் பெயர் தாங்கியது.

மற்றொரு வேடிக்கையையும் கூறாமல் விட முடியவில்லை. பசு அம்மை குத்தும் முறை பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்று 1819-இல் மெட்ராஸ் கூரியர் என்னும் சென்னை இதழில் ஒரு கடிதம் வந்தது. அது பலராலும் எடுத்தாளப்பட்டு ஐரோப்பிய நூல்களிலும் ஏறிற்று. ஆனால் அதற்குரிய பழஞ்சுவடி ஆய்வாளர் எவர்க்கும் கிடைக்கவில்லை. புதிய மருந்தை மக்கள் ஏற்கட்டும் என்று எவரோ நல்லெண்ணத்தோடு புனைந்தது என்பதே அறிஞர் கருத்து. நம் நாட்டார் உண்மையாகவே அறிந்திருந்த பழைய குத்து மறக்கப்பட்டது. இல்லாத சுவடி புகழப்பட்டது. குத்திய கைகள் எளியோர் கைகள். சுவடி வடமொழிச் சுவடி. அத்தகைய பெருமைப் பேச்சு இன்றும் மேடைகளில் ஓய்ந்தபாடில்லை. இங்கு ஆண்ட அரசோ உண்மையான அறிவையும் விட்டுவைக்கவில்லை. பழைய குத்து 1865-இல் கல்கத்தாவில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தொற்று அச்சம் கருதினால் அத்தடை சரியே. எனினும் அவர்களிடமிருந்து அறிய வேண்டியதையெல்லாம் கேட்டறிந்த பின்னர்த் தடுத்தார்களா என்றால் அதுதான் இல்லை. குத்துவோர் சிலர் மட்டும் அரசு அம்மைப்பால் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

ஜென்னருக்குத் தம் மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது தெரியாது. நோய்க்கிருமியின் வீற்றைத் தணித்துத் தடுப்பு மருந்தாக்கலாம் என்று 1880-இல் கோழிக் கழிச்சல் நோயிலும், 1885-இல் வெறிநாய்க்கடியிலும் காட்டியவர் லூயி பாஸ்டர். நாட்பட்ட சீழில் வீறு தணியும் என்ற வங்காளத்துக் குத்துவோரின் பட்டறிவும் இதுவும் ஒரே உண்மையின் இரு முனைகள். இடையே கடந்தது ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

1967-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பெரியம்மையை ஒழிக்கத் தீவிர இயக்கம் தொடங்கியது. வெயிலில் கெடாத உலர் அம்மைப்பாலும், எவரும் சில நிமிடங்களில் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளக்கூடிய இருமுனை ஊசியும் அப்போது கைக்கு வந்திருந்தன. 1974-இல் இந்தியாவில் மட்டும் 1,88,000 பேருக்கு அந்நோய் கண்டது, பீகாரில் மிகுதி. இலட்சத்திற்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி வீடுவீடாகவும் சந்தை சந்தையாகவும் தேடினர். நோயாளியைக் காட்டுவோர்க்குப் பரிசு அறிவித்தனர்; நோய் குறையக் குறையப் பரிசுத்தொகை ஏறி 1,000 ரூபாய் ஆயிற்று. நோய் கண்ட வீட்டைச் சுற்றி வளையமாகக் குத்தி அதனை மறித்தனர். இந்தியாவில் கடைசியாக அம்மை கண்டவர் அசாமின் கரீம்கஞ்ச் இரயில் நிலைய நடைமேடையில் இரந்துண்டு வாழ்ந்த ஓர் ஏழைப்பெண். நாள் 1975 மே 24. அவர் பிழைத்துக்கொண்டார்.

உலகில் இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர் சோமாலியா நாட்டு மெர்க்கா நகர மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில், நோயுற்ற இரு குழந்தைகளோடு வந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடம் அதில் ஏறிச் சென்றார். மருத்துவமனையில் வேலை பார்த்தும், இடையே அம்மை குத்தும் பணியையே செய்திருந்தும், ஊசி வலிக்கும் என்று அஞ்சித் தாம் மட்டும் குத்திக்கொள்ளாமல் இருந்துவிட்டார். 1980 மே 8 அன்று உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாலின் நோயிலிருந்து மீண்டு நெடுநாள் வாழ்ந்தார். போலியோ ஒழிப்பு இயக்கத்தில் சேர்ந்து, சோமாலியாவில் தடுப்பு மருந்துக்குத் தயங்கிய தாய்மாரிடம் சென்று தம் கதையையே எடுத்துக் கூறி வந்தார். 2013-இல் அப்பணியில் இருக்கும்போது மலேரியாக் காய்ச்சல் கண்டு இறந்தார்.